மாமனாரைப் பாக்க ஊருக்குப் போகணும், "முதல்ல உன் பிடிஓ-வை காலி பண்ணு"ன்னு ஹெச்ஆர் சொல்றாங்க. சரியா?

வாசகர் கேள்வி (2025 மார்ச் கணக்கு):

"மேடம், நான் ஃப்ரீமான்ட்ல இருக்கேன். ஹெச்-1பி வேலை விசா. இப்ப இருக்கிற கம்பெனில சேந்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு, வருஷம் 156,000 டாலர் சம்பளம். கம்பெனி ஹெட் ஆபீஸ் டெக்ஸாஸ்ல, மொத்தம் 180 பேர் இருப்போம், ஆனா கலிஃபோர்னியால நாங்க 14 பேர்தான். போன மாசம் கடைசில என் மாமனாருக்கு ஸ்ட்ரோக் வந்து பாளையங்கோட்டைல ஆஸ்பத்திரில சேத்தாங்க, இப்ப வலது பக்கம் வரல, பேச்சும் குழறுது. என் மனைவி ஒரே பொண்ணு, அவங்களுக்கு மே கடைசில டெலிவரி டேட், டாக்டர் ஃப்ளைட் ஏறவே கூடாதுன்னு சொல்லிட்டாங்க. மாமியாருக்கு முட்டி வலி, தனியா ஒண்ணும் முடியாது. அதனால நான் போயி ஒரு அஞ்சு வாரம் இருந்து பிசியோ, வீட்டுக்கு ஆள் எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டு வரலாம்னு பாக்கிறேன். ஹெச்ஆர்ட்ட கேட்டா, ஒண்ணு, உனக்கு எஃப்எம்எல்ஏ (குடும்பத்துக்கும் உடம்புக்கும் லீவு குடுக்குற ஃபெடரல் சட்டம்) கிடையாது, மாமனார் அதுல வரவும் மாட்டார், அதனால வேலைக்கு உத்தரவாதம் தர முடியாது. ரெண்டு, ஸ்டேட் பெய்ட் லீவு வேணும்னா ஹேண்ட்புக் படி முதல்ல ரெண்டு வாரம் பிடிஓ (சேத்து வச்ச வெகேஷன் லீவு) போட்டு முடிச்சாகணும். மூணு, இந்தியா போயிட்டா ஸ்டேட் காசு வராது. நாலு, போனாலும் தினம் ரெண்டு மணி நேரம் லாகின் பண்ணணும்னு சொல்றாங்க. என் பிடிஓ பேலன்ஸ் 92 மணி நேரம். எது நிஜம், நான் என்ன பண்றது?"

பதில்:

தம்பி, முதல்ல மாமனார் சீக்கிரம் எழுந்து நடமாடணும். ஸ்ட்ரோக்ல முதல் சில மாசம் பிசியோதெரபி விடாம பண்றதுதான் பெரிய விஷயம்னு டாக்டருங்க சொல்லுவாங்க, அதனால நீங்க இப்ப போறேன்னு நெனச்சது நல்ல முடிவுதான்.

உங்க ஹெச்ஆர் சொன்ன நாலுல எஃப்எம்எல்ஏ பத்தின பாதி மட்டும்தான் சரி. மத்ததெல்லாம் தப்பு. அவங்க வேணும்னே ஏமாத்துறாங்கன்னு நான் சொல்ல மாட்டேன், டெக்ஸாஸ்ல உக்காந்துட்டு டெக்ஸாஸ் ஹேண்ட்புக்கை வச்சு கலிஃபோர்னியா ஆளுக்கு பதில் சொன்னா இப்படித்தான் வரும். டெக்ஸாஸ்ல சம்பளத்துல பிடிச்சு லீவுக்கு காசு குடுக்குற ஸ்டேட் திட்டமே கிடையாது, அதனால அங்க இருக்கறவங்களுக்கு இது பழக்கமே இல்ல. நான் வக்கீல் இல்ல, பே ஏரியால கம்பெனிகளுக்கு லீவு அட்மினிஸ்ட்ரேஷன் பாக்கிறதுதான் என் தொழில், இந்த மாதிரி வெளி ஸ்டேட் ஹெட் ஆபீஸ் கேஸ் வாராவாரம் வருது.

இதுல ஜனங்க குழம்புறதே ஒரு எடத்துலதான். வேலையைக் காப்பாத்துறது ஒரு சட்டம், காசு குடுக்குறது வேற ஒரு சட்டம், கம்பெனியோட பிடிஓ பாலிசிங்கறது மூணாவது விஷயம். மூணும் ஒரே நாள்ல ஒண்ணா ஓடலாம், ஆனா ஒவ்வொண்ணுக்கும் தகுதி வேற, கணக்கு வேற, ஆபீஸும் வேற. உங்க ஹெச்ஆர் மூணையும் போட்டு ஒண்ணா கலக்கிட்டாங்க.

வேலைக்கு உத்தரவாதம் பத்தி பாப்போம். எஃப்எம்எல்ஏ 1993-ல வந்த ஃபெடரல் சட்டம். நீங்க வேலை பாக்கிற எடத்துல இருந்து 75 மைலுக்குள்ள கம்பெனிக்கு 50 பேர் இருக்கணும், உங்க ஊர்ல 14 பேர்தான், அதனால உங்களுக்கு அது இல்லங்கறது நிஜம். மாமனார் மாமியார் அதுல வர மாட்டாங்கங்கறதும் நிஜம், சொந்த அப்பா அம்மா மட்டும்தான். ஆனா கலிஃபோர்னியாவுக்குன்னு தனியா சிஎஃப்ஆர்ஏ-ன்னு ஒரு சட்டம் இருக்கு, கலிஃபோர்னியா ஃபேமிலி ரைட்ஸ் ஆக்ட். அது 2021 ஜனவரில இருந்து அஞ்சு பேர் வேலை பாக்கிற கம்பெனிக்கே பொருந்தும், 75 மைல் கணக்கெல்லாம் எடுத்துட்டாங்க. 2022-ல இருந்து மாமனார் மாமியாரையும் அதுல சேத்துட்டாங்க. நீங்க 12 மாசம் வேலை பாத்திருக்கணும், கடைசி 12 மாசத்துல 1,250 மணி நேரம் வேலை செஞ்சிருக்கணும், ரெண்டும் உங்களுக்கு இருக்கு. அப்ப 12 மாசத்துல 12 வாரம் வரைக்கும் லீவு எடுக்கலாம், திரும்பி வந்தா அதே வேலையோ அதுக்கு சமமான வேலையோ குடுக்கணும், லீவுல இருக்கும்போது ஹெல்த் இன்ஷூரன்ஸையும் முன்ன மாதிரியே ஓட்டணும். உங்க பங்கு பிரீமியத்தை நீங்க கட்டணும், சம்பளம் நிக்கிற வாரத்துல அதை எப்படி வாங்கிக்கப் போறாங்கன்னு இப்பவே கேட்டு வச்சுக்கோங்க, மனைவி டெலிவரி வேற வருது, இன்ஷூரன்ஸ்ல ஒரு நாள் கூட விடுபடக் கூடாது. ஒரு விஷயம் உள்ளதைச் சொல்லணும்: கம்பெனில எல்லாருக்கும் லேஆஃப் வந்து, நீங்க லீவுல இல்லாட்டியும் உங்க பேரு அந்த லிஸ்ட்ல இருந்திருக்கும்னா, லீவுல இருக்கேங்கறது உங்களைக் காப்பாத்தாது. லீவு எடுத்ததுக்காக லிஸ்ட்ல சேத்தாங்கன்னாதான் தப்பு.

இதைப் படிக்கிறவங்கள்ல பெரிய கம்பெனில இருக்கறவங்களுக்கு ஒரு விஷயம். ரெண்டு சட்டமும் பொருந்துற எடத்துல மாமனாருக்காக லீவு எடுத்தா சிஎஃப்ஆர்ஏ கணக்குல மட்டும்தான் வாரம் குறையும், எஃப்எம்எல்ஏ 12 வாரம் தொடாம அப்படியே இருக்கும். சில ஹெச்ஆர் சிஸ்டம் ரெண்டுலயும் சேத்து கழிச்சுடும். லெட்டர் வந்ததும் எதுல கழிச்சிருக்காங்கன்னு பாத்து, தப்பா இருந்தா அப்பவே மெயில் போட்டுடுங்க, ஆறு மாசம் கழிச்சு தோண்டி எடுக்கிறது பெரிய பாடு.

இனி காசு. பெய்ட் ஃபேமிலி லீவு, பிஎஃப்எல்-னு சொல்வாங்க, 2004 ஜூலைல ஆரம்பிச்சது, அமெரிக்காலயே முதல்ல கலிஃபோர்னியாலதான். 12 மாசத்துல எட்டு வாரம் வரைக்கும் குடுப்பாங்க, இடிடி-ங்கற ஸ்டேட் ஆபீஸ் நேரா உங்களுக்கு அனுப்பும். மாமனார் மாமியார் 2014-ல இருந்தே இதுல இருக்காங்க. உங்க பேஸ்டப் எடுத்து பாருங்க, சிஏ எஸ்டிஐ-ன்னு ஒரு லைன் இருக்கும், ஸ்டேட் இன்ஷூரன்ஸுக்குப் பிடிக்கிறது, 2025-க்கு அது 1.2 சதவீதம், உச்சவரம்பு கிடையாது, உங்க சம்பளத்துக்கு வருஷத்துக்கு 1,872 டாலர் போகுது. அதாவது இது கம்பெனி உங்களுக்கு தர்ற சலுகை இல்ல, உங்க சம்பளத்துல இருந்து நீங்க கட்டின பணம். சிஏ எஸ்டிஐ-க்கு பதிலா விபிடிஐ-ன்னு இருந்தா உங்க கம்பெனி ஸ்டேட் திட்டத்துக்கு பதில் சொந்தமா ஒரு வாலன்டரி பிளான் நடத்துதுன்னு அர்த்தம், அப்ப க்ளெய்மை இடிடி-க்கு இல்லாம அந்த பிளானுக்கு போடணும், அது ஸ்டேட் குடுக்குறதை விட குறைச்சு குடுக்க முடியாது. 14 பேர் இருக்கிற எடத்துல அது இருக்க வாய்ப்பு கம்மி, இருந்தாலும் பாத்துடுங்க.

விசா, கிரீன் கார்டு, சிட்டிசன்னு இதுல வித்தியாசம் பாக்கிறதே இல்ல. எஸ்டிஐ கட்டினீங்களா, அவ்வளவுதான் கேள்வி. இந்தியா போனா வராதுங்கறதும் தப்பு, யாரைப் பாத்துக்கிறீங்களோ அவர் எந்த நாட்டுல இருந்தாலும் பரவாயில்ல, அங்க இருக்கிற டாக்டர் சர்டிஃபிகேட் குடுத்தா போதும்.

அடுத்தது எனக்கே கோவம் வந்த எடம், அந்த ரெண்டு வாரம் பிடிஓ சமாச்சாரம். 2024 டிசம்பர் 31 வரைக்கும் உங்க ஹேண்ட்புக்ல இருக்கிறது சட்டப்படி சரியாதான் இருந்தது, பிஎஃப்எல் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் வரைக்கும் வெகேஷனை எடுக்கச் சொல்லி கம்பெனி கட்டாயப்படுத்தலாம்னு இருந்தது. ஏபி 2123-ன்னு ஒரு சட்டம் போட்டு 2025 ஜனவரி 1-ல இருந்து அதை எடுத்துட்டாங்க. ஹேண்ட்புக்கை யாரும் திருத்தல, அவ்வளவுதான், இந்த வருஷம் நான் பாத்த ஹேண்ட்புக்ல நெறைய இப்படித்தான் பழைய வரியோடயே ஓடிட்டு இருக்கு. ஹேண்ட்புக்ல நீங்க கையெழுத்து போட்டிருக்கீங்களேன்னு கேப்பாங்க. போட்டா என்ன, சட்டம் குடுத்ததுக்கு மேல கம்பெனி குடுக்கலாம், சட்டம் குடுத்ததை ஹேண்ட்புக் வச்சு குறைக்க முடியாது.

சரி பிஎஃப்எல் ஓடிட்டு இருக்கும்போது நடுவுல பிடிஓ எடுன்னு சொல்லலாமான்னா, அதுவும் முடியாது. சிஎஃப்ஆர்ஏ விதிப்படி சம்பளமே இல்லாத லீவுலதான் கம்பெனி உங்க வெகேஷனை கட்டாயமா எடுக்க வைக்கலாம், ஸ்டேட்ல இருந்து பிஎஃப்எல் பணம் வந்துட்டு இருக்கும்போது அது சம்பளம் இல்லாத லீவுன்னு கணக்கு ஆகாது. ஆனா ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா, பிஎஃப்எல் போக துண்டு விழுற சம்பளத்தை மட்டும் வெகேஷன்ல இருந்து போட்டுக்கலாம், மொத்தம் உங்க வழக்கமான சம்பளத்தைத் தாண்டக் கூடாது. எஃப்எம்எல்ஏ பக்கமும் இதே கதைதான், 2025 ஜனவரில ஃபெடரல் தொழிலாளர் துறை ஒரு கருத்துக் கடிதம் போட்டு இதையே தெளிவா சொல்லிடுச்சு: ஸ்டேட் பணம் வர்ற நாளுக்கு கம்பெனி தனியா முடிவு பண்ணி பிடிஓ கழிக்கவும் முடியாது, ஆளும் தனியா முடிவு பண்ணி போடவும் முடியாது, ஒத்துக்கிட்டா டாப்-அப் பண்ணிக்கலாம்.

இப்ப உங்க கணக்கை போட்டு பாப்போம். வாரத்துக்கு 3,000 டாலர், மணிக்கு 75. பிஎஃப்எல் 2025-ல இருந்து சம்பளத்துல 70-ல இருந்து 90 சதவீதம் வரைக்கும் குடுக்குது, சம்பளம் கம்மியா இருக்கறவங்களுக்கு 90, உங்களை மாதிரி ஆளுக்கு 70, ஆனா 2025-க்கு வாரத்துக்கு உச்சம் 1,681 டாலர்தான். உங்களுக்கு 70 சதவீதம்னா 2,100 வரணும், உச்சவரம்பு இடிக்கிறதால 1,681-தான் வரும். துண்டு விழுறது 1,319 டாலர், மணிக்கு 75-ன்னா சுமார் பதினேழரை மணி நேர வெகேஷன். அஞ்சு வாரத்துக்கு 88 மணி நேரம். உங்க பேலன்ஸ் 92. கம்பெனி ஒத்துக்கிட்டா அஞ்சு வாரமும் முழு சம்பளம், மொத்தம் 15,000 டாலர். ஹெச்ஆர் சொன்ன மாதிரி ரெண்டு வாரம் பிடிஓ-வுல 80 மணி நேரத்தை விட்டுட்டு அப்புறம் மூணு வாரம் வெறும் பிஎஃப்எல்-ன்னா 6,000-மும் 5,043-மும் சேத்து 11,043 டாலர். கிட்டத்தட்ட அதே பிடிஓ-தான் செலவாகுது, கைக்கு வர்றது நாலாயிரம் டாலர் கம்மி.

ஆனா உடனே துள்ள வேணாம், இதுல ஒரு சிக்கல் இருக்கு, உங்க ஹெச்ஆரும் சொல்லல, நீங்களும் கேக்கல. மே கடைசில குழந்தை வருதுன்னு எழுதிருக்கீங்க. குழந்தையோட இருக்கிறதுக்கு எடுக்கிற பாண்டிங் லீவும் இதே எட்டு வாரத்துல இருந்துதான் வரணும். மாமனாருக்கு எட்டு, குழந்தைக்கு எட்டுன்னு தனித்தனியா இல்ல, ஒரே குடத்துத் தண்ணிதான் ரெண்டுக்கும். இப்ப அஞ்சு வாரம் எடுத்துட்டா குழந்தை பொறக்கும்போது பிஎஃப்எல் மூணு வாரம்தான் மிச்சம் இருக்கும், சிஎஃப்ஆர்ஏ-ல ஏழு வாரம். போன வருஷம் ஒருத்தர் இதே மாதிரி அம்மாவுக்காக எட்டு வாரமும் எடுத்துட்டு வந்து, ரெண்டு மாசம் கழிச்சு குழந்தை பொறந்தப்ப ஒரு வாரம் கூட காசோட எடுக்க முடியாம பிடிஓ-வும் இல்லாம நின்னாரு, சட்டம் எதுவும் மீறப்படல, யாரும் அவருக்கு முன்கூட்டி சொல்லல, அவ்வளவுதான்.

அதனால ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, நான் மேல சொன்ன மாதிரி அஞ்சு வாரமும் பிஎஃப்எல், கூட டாப்-அப். இன்னொண்ணு, யாரும் கட்டாயப்படுத்தாம நீங்களே விரும்பி முதல் ரெண்டு வாரத்தை வெகேஷன்ல எடுத்துட்டு மூணு வாரம் மட்டும் பிஎஃப்எல் போட்டு, குழந்தைக்கு அஞ்சு வாரத்தை மிச்சம் வைக்கிறது. வேடிக்கை என்னன்னா இது ஹெச்ஆர் சொன்ன அதே ஏற்பாடுதான். அவங்க கட்டாயப்படுத்த முடியாது, ஆனா உங்களுக்கு அதுல லாபம் இருந்தா நீங்க எடுத்துக்கலாம். வெகேஷன்ல போற அந்த ரெண்டு வாரமும் சிஎஃப்ஆர்ஏ கணக்குல குறையும்ங்கறதை மறக்காதீங்க, குறையட்டும், அந்த ரெண்டு வாரத்துக்கும் வேலைப் பாதுகாப்பு வேணும்ல, லீவு லெட்டர்ல அஞ்சு வாரத்தையும் சிஎஃப்ஆர்ஏ-ன்னே போடச் சொல்லுங்க.

எனக்குக் கேட்டா முதல் வழிதான். காரணம் சொல்றேன். பிஎஃப்எல்-ஓட 12 மாசம் நீங்க முதல் க்ளெய்ம் ஆரம்பிக்கிற தேதில இருந்து ஓடும். மார்ச் 17-ல ஆரம்பிச்சா 2026 மார்ச் 16-ஓட அந்த கணக்கு முடியும், 17-ல இருந்து புதுசா எட்டு வாரம் கிடைக்கும். பாண்டிங் லீவை குழந்தைக்கு ஒரு வயசு முடியறதுக்குள்ள எடுக்கணும், அதாவது 2026 மே கடைசி வரைக்கும். நடுவுல பத்து வாரம் இருக்கு பாருங்க. குழந்தை பொறந்ததும் மிச்சம் இருக்கிற மூணு வாரத்தை எடுங்க, மனைவி திரும்பி வேலைக்குப் போற சமயத்துக்குப் பக்கத்துல வர்ற மாதிரி அடுத்த மார்ச்ல புது எட்டு வாரத்தை எடுங்க. மாமியார் வர முடியாத நிலைமைல, டேகேர்ல போடுறதுக்கு முன்னாடி அந்த எட்டு வாரம் உங்களுக்கு பெரிய உதவியா இருக்கும். சிஎஃப்ஆர்ஏ 12 வாரத்தை கம்பெனி எப்படி எண்ணுதுன்னு மட்டும் கேட்டு எழுத்துல வாங்குங்க, காலண்டர் வருஷம்னா ஜனவரி 1-க்கு புது 12 வாரம் வந்துடும், பின்னோக்கி 12 மாசம் எண்ணுற முறைன்னா இந்த மார்ச் ஏப்ரல்ல எடுத்த வாரங்க அடுத்த மார்ச் ஏப்ரல்ல ஒவ்வொண்ணா கழண்டுடும், ரெண்டு விதத்துலயும் உங்களுக்கு எடம் இருக்கு. ஆனா பொறந்த உடனே முதல் ரெண்டு மாசம் நான் வீட்டுல இருந்தே ஆகணும், ஆள் உதவி யாருமே இல்லன்னு இருந்தா ரெண்டாவது வழிக்குப் போங்க. இதை மனைவிட்ட கேட்டு முடிவு பண்ணுங்க, நான் முடிவு பண்ற விஷயம் இல்ல.

இன்னொண்ணு, கலிஃபோர்னியால சேத்து வச்ச வெகேஷன் சம்பளம் மாதிரி, வருஷக் கடைசில காணாமப் போக வைக்க முடியாது, 1982-லயே ஸ்டேட் சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. இவ்வளவுக்கு மேல சேராதுன்னு உச்சவரம்பு வைக்கலாம், சேந்ததை அழிக்க முடியாது, வேலையை விட்டா காசாக் குடுத்தாகணும். அதனால கம்பெனி டாப்-அப்புக்கு ஒத்துக்கலன்னாலும் உங்க 92 மணி நேரம் எங்கயும் போகாது. அன்லிமிடெட் பிடிஓ-ன்னு பெருமையா சொல்ற கம்பெனில இருக்கறவங்களுக்கு இந்த வசதி பெரும்பாலும் இல்ல, சேந்தாத்தானே குடுக்கிறதுக்கு.

தினம் ரெண்டு மணி நேரம் லாகின். வேணாம் தம்பி. பாஸ்வேர்டு எங்க இருக்கு, இந்த ஃபைல் யார்ட்ட இருக்குன்னு ஒரு ஃபோன் வந்தா சொல்லிட்டுப் போங்க, அது வேற. வேலையே செய்யச் சொல்றது லீவு உரிமைல குறுக்க நிக்கிறதுன்னு ஆகும், அதோட வேலை செஞ்சதுக்கு சம்பளம் வந்தா அதை நீங்க இடிடி-க்கு சொல்லியாகணும், சொல்லாம விட்டா ஓவர்பேமென்ட்னு திரும்பக் கேப்பாங்க. இதைக் கேக்கிற மேனேஜருக்கு பதிலா ஹெச்ஆருக்கே எழுதுங்க, "லீவு நாட்கள்ல நான் வேலை செய்ய மாட்டேன், இன்ன தேதிக்குள்ள இன்னார்ட்ட ஒப்படைச்சுட்டுப் போறேன்"னு. ஒப்படைக்கிற டாக்குமென்ட்டை நல்லா எழுதிக் குடுத்துட்டா பாதி சண்டை அங்கயே முடிஞ்சுடும்.

ஹெச்-1பி பத்தி நீங்க கேக்கலன்னாலும் சொல்லிடறேன், ஏன்னா ரெண்டாவது மெயில் அதுக்குத்தான் வரும். வேலை இல்லாம உக்கார வச்சு சம்பளம் குடுக்காம இருந்தாதான் கம்பெனிக்கு பிரச்சனை. நீங்களா கேட்டு, உடம்பு முடியாத சொந்தக்காரரைப் பாக்கப் போறதுக்காக சம்பளம் இல்லாம லீவு எடுத்தா அது விதிலயே விலக்கா இருக்கு. அந்த மாச பேஸ்டப்ல சம்பளம் கம்மியா தெரியும்ங்கறதால லீவு அப்ரூவல் லெட்டரை பாஸ்போர்ட்டோட வச்சுக்கோங்க. நாட்டுக்கு வெளில இருந்த முழு நாளுங்க உங்க ஹெச்-1பி-யோட ஆறு வருஷ வரம்புல சேராது, போர்டிங் பாஸை தூக்கிப் போட்டுடாதீங்க. விசா ஸ்டாம்பிங் காலாவதி ஆகியிருந்தா மட்டும் டிக்கெட் போடறதுக்கு முன்னாடி கம்பெனி இமிக்ரேஷன் வக்கீல்ட்ட பேசுங்க, மே மாசம் அங்க மாட்டிக்கிட்டா இங்க மனைவி தனியா.

சர்டிஃபிகேட் விஷயத்துல கொஞ்சம் கவனம். நம்ம ஊர் ஆஸ்பத்திரில டிஸ்சார்ஜ் சம்மரின்னு ஒண்ணு குடுப்பாங்க, அதை மட்டும் அனுப்பினா நடக்காது. கம்பெனிக்கு ஒரு சர்டிஃபிகேட், இடிடி-க்கு அவங்க ஃபார்ம்ல ஒரு சர்டிஃபிகேட், ரெண்டு வேணும். இடிடி ஃபார்ம்ல நோயோட பேரும் அதோட கோட் நம்பரும் டாக்டர் எழுதணும். கம்பெனிக்கு குடுக்கிறதுல அது தேவை இல்ல, மாமனாருக்கு தீவிரமான உடம்பு நிலைமை இருக்கு, இன்ன தேதில இருந்து இவ்வளவு நாள் இவர் கூட இருந்து பாத்துக்கணும்னு இருந்தா போதும், என்ன நோய்னு கேக்க கம்பெனிக்கு உரிமை இல்ல. கூட இருந்து தைரியம் சொல்றது, வீட்டுல பாத்துக்க ஆள் ஏற்பாடு பண்றது எல்லாம் பாத்துக்கிறதுல அடங்கும், அதையும் டாக்டர் ஒரு வரி எழுதினா நல்லது. ரெண்டு ஃபார்மையும் இங்கயே பிரிண்ட் எடுத்து பையில வச்சுட்டுப் போங்க, டாக்டரோட மெடிக்கல் கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் நம்பரும் சீலும் தெளிவா இருக்கான்னு அங்கயே நின்னு பாத்து வாங்குங்க. ரவுண்ட்ஸ் நேரத்துல நீட்டினா கையெழுத்து மட்டும் போட்டு தேதி விட்டுடுவாங்க, ஓபி முடிஞ்சு உக்காந்திருக்கும்போது போய் கேளுங்க. கம்பெனி சர்டிஃபிகேட் கேட்டா குறைஞ்சது 15 நாள் டைம் குடுக்கணும்.

இடிடி க்ளெய்மை லீவு ஆரம்பிக்கிற நாளுக்கு முன்னாடி போட முடியாது, ஆரம்பிச்ச நாள்ல இருந்து 41 நாளுக்குள்ள போடணும். ஊருக்குப் போனா நாள் போறதே தெரியாது, முதல் வாரத்துலயே போட்டுடுங்க. காத்திருப்பு வாரம்னு ஒண்ணு முன்னாடி இருந்தது, இப்ப பிஎஃப்எல்-க்கு இல்ல. வர்ற பணத்துக்கு ஃபெடரல் டாக்ஸ் உண்டு, கலிஃபோர்னியா டாக்ஸ் இல்ல. ஃபெடரலுக்கு அவங்களா பிடிச்சுட்டு குடுப்பாங்கன்னு நெனச்சு செலவு பண்ணிடாதீங்க, அடுத்த ஏப்ரல்ல டாக்ஸ் போடும்போது வந்து நிக்கும்.

இதைப் படிக்கிற வேற ஸ்டேட் ஆளுங்க இதை அப்படியே காப்பி அடிக்காதீங்க. நியூயார்க்ல பெய்ட் ஃபேமிலி லீவு சட்டத்துலயே வேலைப் பாதுகாப்பும் சேந்து இருக்கு, 12 வாரம், சம்பளத்துல 67 சதவீதம், அதுக்கும் உச்சவரம்பு உண்டு. மாசசூசெட்ஸ்ல 2023 நவம்பர்ல இருந்து டாப்-அப் பண்றதா வேணாமான்னு ஊழியரே முடிவு பண்ணலாம். நியூ ஜெர்சில 12 வாரம், 85 சதவீதம் வரைக்கும், அங்கயும் பிடிஓ எடுன்னு கட்டாயப்படுத்துறதை 2019-லயே நிறுத்தியாச்சு. ரிமோட்ல இருக்கறவங்களுக்கு பொதுவா நீங்க உக்காந்து வேலை பாக்கிற ஸ்டேட் சட்டம்தான், ஹெட் ஆபீஸ் எங்கங்கறது இல்ல. பேஸ்டப்ல எந்த ஸ்டேட்டுக்கு பிடிக்கிறாங்கன்னு பாத்தா தெரிஞ்சுடும்.

இப்ப மெயில். ஃபோன்ல பேசாதீங்க, எழுதுங்க. "என் மாமனாரோட தீவிர உடல்நிலை காரணமா மார்ச் 17-ல இருந்து ஏப்ரல் 20 வரைக்கும் சிஎஃப்ஆர்ஏ லீவு கேக்கிறேன், பிஎஃப்எல்-க்கு விண்ணப்பிக்கப் போறேன், ஏபி 2123 படி அதுக்கு முன்னாடி வெகேஷன் எடுக்கணும்னு இல்ல, ஆனா பிஎஃப்எல் போக மிச்ச சம்பளத்தை என் வெகேஷன்ல இருந்து போட நான் தயார், உங்க சம்மதத்தை தெரிவிங்க"ன்னு நாலு வரி. முன்கூட்டியே தெரிஞ்ச லீவுக்குத்தான் 30 நாள் நோட்டீஸ், ஸ்ட்ரோக் சொல்லிட்டு வர்றதில்ல, அதனால முடிஞ்ச அளவு சீக்கிரம் சொன்னா போதும். கம்பெனி அஞ்சு வேலை நாளுக்குள்ள பதில் சொல்லணும். குத்தம் சொல்ற மாதிரி எழுத வேணாம், "ஹேண்ட்புக்ல பழைய விதி இருக்குன்னு நெனக்கிறேன்"னு போட்டா அவங்களும் கௌரவமா பின்வாங்க வழி இருக்கும். நூத்துல தொண்ணூறு எடத்துல ஏபி 2123, சிஎஃப்ஆர்ஏ-ங்கற ரெண்டு பேரைப் பாத்ததுமே மெயில் அவங்க வக்கீல்ட்ட போய், ரெண்டு நாள்ல அப்ரூவல் வந்துடும்.

அப்பவும் முடியாதுன்னா சிஎஃப்ஆர்ஏ-வுக்கு கலிஃபோர்னியா சிவில் ரைட்ஸ் டிபார்ட்மென்ட்ல புகார் போடலாம், மூணு வருஷம் வரைக்கும் டைம் இருக்கு. வெகேஷன் பேலன்ஸ்ல கை வச்சா லேபர் கமிஷனர். இடிடி பிஎஃப்எல்-ஐ மறுத்தா 30 நாளுக்குள்ள அப்பீல். ஆனா அதுக்கு முன்னாடி டிக்கெட் போடுங்க, அந்த மெயிலை இன்னைக்கே அனுப்புங்க. மனைவி வேலை பாக்கிறாங்கன்னா அவங்களோட டெலிவரி லீவு தனிக் கணக்கு, எஸ்டிஐ, பிரெக்னென்சி லீவு, பாண்டிங்னு அது இதை விடப் பெருசு, உங்க வாரத்துல இருந்து அதுக்கு ஒண்ணும் குறையாது. அவங்க கம்பெனி எது மாதிரி, எத்தனை பேர், டேட் என்னன்னு அவங்களையே எழுதச் சொல்லுங்க, பதில் சொல்றேன்.